என்ன கூட்டமுங்க?

என் மகள் திருப்பூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருசம் படிக்கிறாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கம்பெனியில் சம்பளக் கணக்கு முடித்துவிட்டு வந்து சோத்துக்கு உட்கார்ந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். 'அப்பா, காலேஜ்ல டூர் போறாங்க. மூணு நாள். மைசூர், கூர்க். மூவாயிரத்து எண்ணூறு ரூபா கட்டோணும்.'

'வேண்டாம் கண்ணு' என்றேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

'காசு இல்லீங்களா அப்பா?'

காசு இருந்தது. கஷ்டப்பட்டால் புரட்டிவிடலாம். 'பொட்டப்புள்ளைய அனுப்பப் பயமா?' என்று என் சம்சாரம் கேட்டாள். அதுவும் இல்லை. காரணம் என்னவென்று இரண்டு பேருக்கும் சொல்ல முடியவில்லை. இருபத்தெட்டு வருசமாக யாருக்கும் சொன்னதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். 'டூர்ல போய் என்னப்பா சாதி?' என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

எங்கள் சனங்கள் ஊர் விட்டு ஊர் போகாதவர்கள் இல்லை. போர் வண்டியில் ஏறி ஆந்திராவுக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போயிருக்கிறோம். கரும்பு வெட்டப் போயிருக்கிறோம். சூளைக்குப் போயிருக்கிறோம். முன்பணம் வாங்கினால் எந்த ஊருக்கும் போவோம். ஆனால் ஒரு ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் அந்த ஊருக்குப் போனவர் எங்கள் வளவில் 1997 வரைக்கும் ஒருத்தர்கூடக் கிடையாது. பார்க்கப் போவது என்பது வேறு சாதிக்காரர்களின் வேலை. எங்கள் வேலை, வேலைக்குப் போவது.

நான் பி.காம் இரண்டாம் வருசம். மாதாரி வளவிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த மூன்றாவது ஆள். டூருக்கு 650 ரூபாய் என்றார்கள். என் அம்மா பனியன் கம்பெனியில் கைமடி. டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்துக் கொடுக்கிற வேலை. காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் விடுவார்கள். 650 ரூபாய் என்பது அம்மாவுக்கு இரண்டு வாரச் சம்பளத்துக்கும் மேல். அம்மா யோசிக்கவில்லை. 'போய்ட்டு வா சாமி. நீயாச்சும் நாலு ஊரப் பாரு' என்றது. கான்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கிக் கொடுத்தது.

அதுமட்டுமில்லை. எல்லோரும் ஒரே மாதிரி பனியன் போட்டுப் போக வேண்டும் என்று வகுப்பில் முடிவு செய்தார்கள். திருப்பூர்ப் பையன்கள் இல்லையா? 'எங்கம்மா கம்பெனியில சகாய விலைக்கு வாங்கலாம்' என்று வாயை விட்டேன். ஏற்றுமதியில் கழித்த பீசில் சின்னக் குறை உள்ளதாகப் பார்த்து நாற்பத்திரண்டு உருப்படியை அம்மா பொறுக்கி எடுத்தது. பிசிறு வெட்டி, மடித்து, கட்டுக் கட்டி என் கையில் கொடுத்தது. நீலக் கலர். நெஞ்சில் காலேஜ் பேரும் வருசமும் பிரிண்ட் அடித்தோம்.

நாற்பத்திரண்டு பேரும் அதைப் போட்டுக்கொண்டு விடிகாலை பஸ் ஏறினோம். அந்த அரை இருட்டில் எல்லோரையும் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எல்லோரும் ஒன்று போலத்தான் தெரிந்தார்கள். நானும் அதில் ஒருத்தன். ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு மணி நேரம், அதை நம்பினேன். அந்த நம்பிக்கைக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் இருக்கிறது.

அவிநாசி தாண்டியதும் பஸ்ஸில் வீடியோ போட்டார்கள். 'சின்ன கவுண்டர்'. அது முடிந்தால் போடுவதற்கு 'எஜமான்' கேசட் தயாராக இருந்தது. அந்தக் காலத்தில் சினிமாவுக்கும் வேறு கதை கிடையாது. ஊர்ப் பெரியவர், துண்டு, நாட்டாமை, தீர்ப்பு. அந்தக் கதைகளில் நாங்கள் எங்கே இருந்தோம்? கை கட்டி நிற்கிற கூட்டத்தில், பேர் இல்லாமல் இருந்தோம். பஸ்ஸே விசில் அடித்தது. நானும் அடித்தேன். அடிக்காமல் இருந்தால் 'ஏன்டா அடிக்கல?' என்பார்களே!

சத்தியமங்கலம் போகிற வழியில் ஒரு கிராமம். கூடப் படிக்கிற ஒரு பையனின் பாட்டி ஊர் அது. காலைப் பலகாரம் அங்கேதான் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வயிற்றுவலி என்று பஸ்ஸிலேயே படுத்திருப்பேன். அந்த வித்தை எங்களுக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிடும்.

பெரிய தொட்டிக்கட்டு வீடு. வாசலில் பந்தி போட்டார்கள். வாழை இலை, சந்தகை, தேங்காய்ப்பால், இட்லி, கச்சாயம். பாட்டி நல்ல மாதிரி. கையில் தண்ணிச் செம்போடு ஒவ்வொருத்தர் முன்னாலும் நின்று விசாரித்துக்கொண்டே வந்தார். 'சாமிக்கு எந்தூருங்க? அங்க யாரு ஊட்டுப் பையன்? என்ன கூட்டமுங்க?'

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டம் என்றால் கவுண்டர்களில் குலப்பிரிவு. அந்தச் சாதிக்குள் இருப்பவனுக்கு அது உறவு கொண்டாடுகிற கேள்வி. வெளியே இருப்பவனுக்கு அது செக்போஸ்ட்.

என்னிடம் வந்தார். ஊர் பேரைச் சொன்னேன். 'அட, அங்க நமக்குச் சொந்தம் இருக்குதே! என்ன கூட்டமுங்க சாமி?'

எனக்கு அர்த்தம் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: 'காலேஜ் கூட்டமுங்க ஆத்தா. மொத்தம் நாப்பத்திரண்டு பேருங்க.'

பந்தியே சிரித்தது. பாட்டி மட்டும் சிரிக்கவில்லை. என் பனியனைப் பார்த்தார், பக்கத்து இலைக்காரனைப் பார்த்தார். எவனோ ஒருத்தன், எவனென்று இன்றைக்கும் தெரியாது, 'அவன் நம்மாளு இல்லீங்க' என்று மெதுவாகச் சொன்னான். காலேஜில் எல்லோருக்கும் என் சாதி தெரியும். வருசத்துக்கு இரண்டு தடவை கிளார்க் வகுப்பு வாசலில் நின்று, 'எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எந்திரி' என்பார். எழுந்து நின்றவனை எவன் மறப்பான்?

பாட்டி கத்தவில்லை. எழுந்து போகச் சொல்லவில்லை. கதைகளில் வருகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. இரண்டு விசயம் மட்டும் நடந்தது. 'சாமி' போய் 'ஏப்பா' வந்தது. அதுவரை எல்லோர் டம்ளரிலும் செம்பின் வாய் இடிக்க ஊற்றிக்கொண்டிருந்தவர், எனக்கு ஒரு சாண் தூக்கி ஊற்றினார். தண்ணி சிதறி பனியன் நனைந்தது.

சாப்பிட்டு எல்லோரும் எழுந்து கை கழுவப் போனார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஒருத்தர் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், 'நீ மட்டும் அந்த எலைய எடுத்து அக்கட்டால போட்டுருப்பா' என்றார். எடுத்தேன். நாற்பத்தொரு இலை பந்தியில் கிடந்தது. ஒரே ஓர் இலை என் கையில் இருந்தது. என் டம்ளரைப் பிறகு பார்த்தேன். கட்டுத்தரை ஓரம், மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்திக் கிடந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை என்றைக்கோ எழுதியிருப்பேன். தீண்டாமையை அனுபவித்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. வெட்கம் அவர்களுக்குத்தான் வர வேண்டும். நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் அடுத்து நடந்தது.

வீட்டுக்குப் பின்னால் இலை போடுகிற குழியருகே ஒரு அம்மா கூடையோடு நின்றது. பண்ணையத்து ஆள். மீதி நாற்பத்தொரு இலையையும் எடுக்கக் காத்திருந்தது. என் கையில் இலையைப் பார்த்ததுமே அதற்குப் புரிந்துவிட்டது. மெதுவாக, எங்கள் வீட்டுப் பேச்சில், தெலுங்கில் கேட்டது: 'ஏ ஊரு நாயனா?'

என் அம்மாவின் குரல்தான். அதே ராகம். அந்த ஊரில் என்னை மனுசனாக நினைத்துக் கேட்ட ஒரே கேள்வி. பின்னால் பையன்கள் வருகிற சத்தம் கேட்டது.

'என்னங்க? புரியலீங்களே' என்றேன், தமிழில்.

அந்த அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது. ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த இலையை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டது. பாட்டி தூக்கி ஊற்றிய தண்ணி காய்ந்துவிட்டது. இது காயவில்லை.

பஸ் கிளம்பியது. பண்ணாரியில் போலீஸ் ஏறிச் சோதித்தது. வீரப்பன் காலம். திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் பையன்கள் எண்ணிக் கத்தினார்கள். அந்தப் பாட்டியின் பேரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தோளில் கை போட்டான். 'மனசுல வெச்சுக்காதடா. பாட்டி பழைய ஆளு.'

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

மைசூர் அரண்மனையில் எல்லோரும் செருப்பைக் கழற்றி வெளியே விட வேண்டும். எங்கள் ஊர்த் தெருவில் நாங்கள் மட்டும்தான் கழற்ற வேண்டும். அங்கே எல்லோரும் கழற்றியதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. கைடு ராஜா உட்கார்ந்த அம்பாரியைப் பற்றிச் சொன்னார். அதே மைசூர் சமஸ்தானத்தில் 1918-லேயே மில்லர் கமிட்டி போட்டு, சர்க்கார் உத்தியோகத்தை ஒரே சாதி வளைத்துக்கொண்டதை விசாரித்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் வாத்தியார்களும் சொல்லவில்லை. கல்விச் சுற்றுலா என்று பேர். என்ன கல்வி?

அம்பேத்கரை நான் படித்தது அதற்குப் பிறகுதான். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் சொல்லலாம், அவருடைய சின்னஞ்சிறு புத்தகம். படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அதில் பாதி பயணக் கதை. 1901-ல், சின்னப் பையன். அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்கப் போகிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரன் யாரும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்டி, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருகிறான். ராத்திரி முழுக்க குடிக்கத் தண்ணி கிடைக்கவில்லை.

1934-ல் அவர் பாரிஸ்டர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் வாங்கியவர். வட்டமேசை மாநாட்டில் பேசியவர். சுமார் முப்பது தோழர்களோடு பஸ்ஸில் ஊர் பார்க்கப் போகிறார். எல்லோராவுக்குப் போகிற வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் இருந்த தொட்டித் தண்ணியில் முகம் கை கால் கழுவியதற்கு ஒரு கிழவர் கத்திக்கொண்டு ஓடி வருகிறார், கூட்டம் கூடுகிறது. கடைசியில் உள்ளே எங்கேயும் தண்ணியைத் தொடக்கூடாது என்று ஆயுதக் காவலோடு கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கத்தியவர் இந்துவும் இல்லை, முஸ்லிம். ஒரு இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் மற்றவர்களுக்கும் தீண்டத்தகாதவனாகிவிடுகிறான் என்பதற்கு அதை அவர் சாட்சியாக வைக்கிறார்.

அந்த முப்பது பேரும் ஒடுக்கப்பட்டோர் இயக்கத் தோழர்கள். அவமானப்பட்டாலும் சேர்ந்து பட்டார்கள், பஸ்ஸில் ஏறிச் சேர்ந்து பேசியிருப்பார்கள். நாற்பத்திரண்டில் ஒருத்தனாகப் போனவனுக்கு அதுவும் கிடையாது.

சரி, 'பழைய ஆளு' கதைக்கு வருகிறேன்.

2015 ஜூன் 23. ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ், பொறியியல் படித்தவர், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போனார். அவ்வளவுதான். வகுப்புத் தோழர்கள் இரண்டு பேர் கோயிலுக்குப் போனார்கள். அடுத்த நாள் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் எத்தனை பாட்டி?

2016 மார்ச் 13. எங்கள் திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டை. பட்டப்பகல், பஸ் நிலையத்துப் பக்கம், கேமரா பார்த்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு வயது சங்கரை வெட்டிச் சாய்த்தார்கள். பொள்ளாச்சியில் ஒரே கல்லூரியில் படித்த கௌசல்யாவைக் கல்யாணம் செய்த குற்றம். அருவாள் பிடித்த கைகளில் நரைத்த முடி இருந்ததா?

2018 ஜூலை. அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு எங்கள் சாதி அம்மா ஒருத்தர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று மறித்தவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோர். என் வயதுக்காரர்கள். என்னோடு டூர் வந்திருக்கக்கூடியவர்கள். அதிகாரிகள் முதலில் செய்தது என்ன? சமைக்க வந்தவரை இடம் மாற்றியது. போராடிய பிறகுதான் அவர் மறுபடி அந்த அடுப்புக்குப் போக முடிந்தது.

ஆகவே நண்பர்களே, பாட்டி பழைய ஆளாக இருக்கலாம், சாதி பழைய ஆள் இல்லை. பாட்டிமேல் பழியைப் போட்டுவிட்டுப் பேரன் தப்பித்துக்கொள்கிறான். பாட்டி செத்தால் வீடு அவனுக்கு. தொட்டிக்கட்டும் அவனுக்கு, கட்டுத்தரையும் அவனுக்கு, கவிழ்த்த டம்ளரும் அவனுக்கு. பந்தியில் அவன் வாய் திறந்து, 'ஆத்தா, நானும் என் எலைய எடுக்கறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. தோளில் கை போடத் தெரிந்தவனுக்குத் தன் இலையை எடுக்கத் தெரியவில்லை.

'திருப்பூர் உழைப்பால் உயர்ந்த ஊர். கம்பெனியில எல்லாச் சாதியும் ஒண்ணா உக்காந்து தைக்குது. இங்க ஏதுங்க சாதி?' என்பார்கள். தையல் வரிசையில் ஒன்றாகத்தான் உட்காருகிறோம், நான் மறுக்கவில்லை. வருசத்துக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பனியன் வெளிநாடு போகிறது. அதில் ஒவ்வொரு உருப்படியும் எங்கள் அம்மாக்கள், தங்கச்சிகள் கைபட்டு, மடிபட்டுத்தான் போகிறது. அமெரிக்காக்காரன் நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பாட்டி ஊட்டுப் பேரன் நெஞ்சிலும் அன்றைக்கு என் அம்மா மடித்துக் கொடுத்த பனியன்தான். உடம்பில் ஒட்டுகிற பனியனுக்குத் தீட்டு இல்லை, உதட்டில் படுகிற டம்ளருக்குத் தீட்டு! இந்தக் கணக்கை எந்த ஆடிட்டர் சரி பார்த்தார்? பனியனில் லாபம் இருக்கிறது. டம்ளரில் இல்லை. அதுதான் கணக்கு. உழைப்பால் உயர்ந்தோம் என்கிறவர்களே, என் அம்மாவும் உழைத்தது. கைமடியாகச் சேர்ந்து கைமடியாகவே கண்ணை மூடியது. உழைப்போடு நிலமும், கடன் கொடுக்கிற சொந்தமும், 'என்ன கூட்டமுங்க' என்று கேட்டுக் கை தூக்கிவிடுகிற கூட்டமும் இருந்தால் உயரலாம். எங்களுக்கு உழைப்பு மட்டும்தான் இருந்தது.

எங்கள் பக்கத்துத் தோழர்கள் சிலர், 'அவங்களோட எதுக்கு டூர்? நம்ம பசங்களத் தனியா கூட்டிட்டுப் போலாம்' என்கிறார்கள். போகலாம், போக வேண்டும். தௌலதாபாத் முப்பது பேர் மாதிரி. ஆனால் அதற்காகக் கல்லூரி பஸ்ஸில் நம் சீட்டை விட்டுக்கொடுக்க முடியாது. அந்தச் சீட்டு யாரும் பிச்சை போட்டதில்லை. 2009-ல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது, எத்தனை ஊர்வலம், எத்தனை மாநாடு நடத்தி! 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. என் மகள் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போனாள். உள்ளே போனவள் பஸ்ஸில் மட்டும் ஏறக்கூடாதா?

கல்லூரிகளைக் கேட்கிறேன். டூர் உங்கள் பாடத்தில் ஒரு பகுதி என்றால் காசில்லாத பிள்ளை எப்படிப் போகும்? 2010-ல் மத்திய அரசு திருத்திய எஸ்.சி. உதவித்தொகை விதியில், தொழிற்படிப்பு மாணவர்களின் கல்விச் சுற்றுலாவுக்கு வருசத்துக்கு அதிகபட்சம் 1,600 ரூபாய் என்று இருந்தது. அதை எத்தனை முதல்வர்கள் எழுதிக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்கள்? பயணத்தை எவனோ ஒரு பையனின் சொந்தக்காரர் வீட்டுப் பந்தி வழியாக ஏன் விடுகிறீர்கள்? காசு மிச்சம் என்று. அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பது யார்? அன்றைக்கு எங்களோடு இரண்டு விரிவுரையாளர்கள் வந்தார்கள். பந்தியில் என் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இலையோடு நான் நடந்து போனதைப் பார்த்தார்கள். கச்சாயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது. கச்சாயம் நன்றாக இருக்கிறது என்றவர்மேல் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

கடைசியாக என்னைக் கேட்கிறேன். மகளை 'வேண்டாம்' என்று சொன்னது யார்? அந்தப் பாட்டியா, இலையை எடுக்கச் சொன்ன பெரியவரா? இல்லை. நான். அவர்கள் செய்ய வேண்டியதை அவர்களுக்காக நானே செய்துவிட்டேன். 'புரியலீங்களே' என்று சொன்ன அதே வாய்தான் 'வேண்டாம் கண்ணு' என்றும் சொல்லியது.

அடுத்த நாள் காலையில் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அவள் அழவில்லை. 'அப்ப இனிமே எலைய எடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?' என்று கேட்டாள்.

அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. அவள் எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள்? கூடையோடு நிற்கிற இன்னொரு அம்மா. நம் இலையையும் சேர்த்து நாற்பத்திரண்டாக எடுக்கும். அதுவா நாம் கேட்கிற சமத்துவம்?

'எடு கண்ணு' என்றேன். 'உன் எலைய நீ எடு. ஆனா பந்தியில எல்லாருக்கும் கேக்கற மாதிரி, அவங்கவங்க எலைய அவங்கவங்க எடுங்கன்னு சொல்லிட்டு எடு. எவனும் எந்திரிக்கலீன்னா, ஏன் எந்திரிக்கலீன்னு கேளு. என்ன கூட்டம்னு கேட்டா மாதாரி கூட்டம்னு சொல்லு. அங்க ஒரு அம்மா எந்தூருன்னு நம்ம பேச்சுல கேட்டா, நின்னு, நம்ம பேச்சுலயே பதில் சொல்லு. உங்கப்பன் சொல்லாத பதில் ஒண்ணு பாக்கி இருக்குது.'

பணம் கட்டிவிட்டேன். அவர்கள் வகுப்புக்கும் ஒரே மாதிரி பனியன்தானாம், கருப்புக் கலர். எங்கள் கம்பெனியில்தான் தைத்தார்கள். வியாழக்கிழமை கிளம்புகிறாள்.